பட்டிமன்றத்துக்கு முன்னால் ஒரு சொல்லைத் தீர்மானிப்பது

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் போன வருடம் ஒரு பட்டிமன்றம் வைத்தோம். தலைப்பு: 'சோசலிசம் இன்றைக்குத் தேவையா, தேவையில்லையா?' ஆறு பேச்சாளர்கள், இரண்டு மணி நேரம், ஒரு நடுவர். முதலில் எழுந்தவர் சோவியத் ரஷ்யா உடைந்த கதையைச் சொன்னார். அடுத்தவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ரேஷன் அரிசி இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் அடுப்பு எரியும் என்று கேட்டார். மூன்றாமவர் வெனிசுலாவுக்குப் போனார், நான்காமவர் நார்வேக்கு. ஐந்தாமவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி; அவர் யூனியன் பற்றிப் பேசினார். ஆறாமவர், சாதி ஒழியாமல் சோசலிசம் ஏது என்று முடித்தார். எல்லோருக்கும் கைதட்டல் கிடைத்தது. 'இரண்டு தரப்பும் சரியே' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நடுவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

நோட்டீஸில் அந்தத் தலைப்பை எழுதியவன் நான். அதனால் திட்டும் எனக்குத்தான் விழுந்தது. கமிட்டியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு சொல்லுக்கு ஆறு அர்த்தம் வச்சிக்கிட்டு ஆறு பேரு பேசினா அது பட்டிமன்றம் இல்லடே, சந்தை."

இந்த வருடமும் பொருள் அதேதான். அரசியலமைப்பின் முகப்புரையில் அந்தச் சொல் இருக்கலாமா கூடாதா என்ற பேச்சு நாடெங்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை விட்டுவிட மனமில்லை. ஆனால் நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் சோசலிசம் என்றால் என்ன என்று ஒரு வரியில் எழுதி எல்லாப் பேச்சாளர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கமிட்டியில் நான்கு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. எதை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு மாதமாக யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் போடுகிறவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் சொல்லைப் பார்த்தேன். தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை, மூன்று இருக்கின்றன. பெரியார் 1932இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியபின் சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டில் வைத்த திட்டத்துக்குச் 'சமதர்மம்' என்ற சொல் நிலைத்தது. நம்முடைய பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா அந்தச் சமதர்ம அணியில் இருந்தவர். பிறகு கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனார். அங்கே 'பொதுவுடைமை' ஓங்கியது. மேடைக்கும் பத்திரிகைக்கும் 'சோசலிசம்' அப்படியே வந்தது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சமதர்மத்தில் 'சமம்' இருக்கிறது, உடைமை இல்லை. பொதுவுடைமையில் உடைமை இருக்கிறது, சமம் என்பது வெளியே சொல்லப்படவில்லை. சோசலிசத்தில் தமிழ்க் காதுக்கு எதுவுமே இல்லை. அதனால் அவரவர் வேண்டியதை அதில் ஊற்றிக்கொள்கிறார்கள். போன வருடப் பேச்சாளர்கள் ஆறு பேரும் கிட்டத்தட்ட இந்த மூன்று சொல்லில் ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. தலைப்பைச் 'சமதர்மம் தேவையா?' என்று போட்டிருந்தால் எதிரணிக்கு ஆளே கிடைத்திருக்காது. 'பொதுவுடைமை தேவையா?' என்றால் ஆதரவு அணிக்குத் திண்டாட்டம். எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அந்தப் பக்கம் தராசு முன்கூட்டியே சாய்ந்துவிடுகிறது.

சரி, நான்கு யோசனைகளுக்கு வருகிறேன்.

முதல் யோசனை: உற்பத்திச் சாதனங்கள் அரசின் கையில் இருப்பதே சோசலிசம். இதைச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஐம்பது வருடமாகச் சிவப்புக் கொடி பிடித்த பெரியவர். மற்றவர் சோசலிசம் என்றாலே முகம் சுளிக்கும் இளைஞர், மார்த்தாண்டத்தில் கணக்காளர். ஒரே விளக்கத்தில் இவர்கள் இருவரும் கைகோத்தது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. அப்புறம் புரிந்தது. அவருக்கு அது கனவு, இவருக்கு அது பூச்சாண்டி. இரண்டுக்கும் ஒரே படம் போதும்.

இதில் ஒரு நல்ல குணம் உண்டு. எது சோசலிசம், எது இல்லை என்று கோடு போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் நம் மாவட்டத்தில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாகிவிடுகிறது. நம் மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம். 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு பஸ் ஓட்டத் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரும் தடம் அன்றைக்கே அரசுடைமை. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் தனியார் பஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே அரசு பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தொடங்கி வைத்தவர் மகாராஜா. அவருடைய திவான், அதாவது தலைமை அமைச்சர், சர் சி.பி. ராமசாமி ஐயர். 1946 அக்டோபரில் புன்னப்புரா-வயலாரில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் எழுந்த தொழிலாளர்களைத் துப்பாக்கியால் அடக்கியதும் அதே திவானின் அரசுதான். அரசுடைமைதான் சோசலிசம் என்றால் சர் சி.பி.யை நம் மாவட்டத்தின் முதல் சோசலிஸ்ட் என்று அறிவித்து மாலை போட வேண்டும். கமிட்டியில் இதைச் சொன்னபோது சிவப்புக் கொடிப் பெரியவர் சிரித்துவிட்டார். மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸும் இதே கேலியைச் செய்திருக்கிறார் என்று அவரே எடுத்துக் கொடுத்தார்: புகையிலை வியாபாரத்தை அரசு எடுத்துக்கொள்வது சோசலிசம் என்றால், நெப்போலியனையும் ஆஸ்திரியாவின் பழமைவாத அமைச்சர் மெட்டர்னிக்கையும் சோசலிசத்தின் நிறுவனர்கள் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றாராம். கேலி பழையதுதான். அதைச் சொல்ல வைத்த குழப்பத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

இன்னும் இரண்டு உதாரணங்கள் கையருகே இருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை மத்திய அரசின் நிறுவனம். அதே நிறுவனம் கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் எடுக்கத் திட்டமிட்டபோது கடற்கரை ஊர்கள் எதிர்த்துக் கிளம்பின. உடைமை 'பொது', எதிர்ப்பதும் பொதுமக்கள். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பக்கங்களில் தமிழ்நாடு அரசின் ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன. 1984இல் அதற்கென்று அரசு ரப்பர் கழகம் அமைந்தது. அங்கே வேலை செய்கிறவர்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களும் உண்டு. முதலாளி என்று தனி ஆள் யாரும் இல்லை. ஆனாலும் கூலிக்காக அவர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. போன வருடம் மேடையில் பேசிய அந்தப் பால்வெட்டு அண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னார்: "முதலாளி மாறினாரு தம்பி, வெட்டுக்கத்தியப் பிடிக்கிற கை மாறல." அரசு எடுத்துக்கொண்டதும் பொதுவாகிவிட்டது என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இரண்டாவது யோசனை வாத்தியாருடையது. மக்கள் நலனுக்கு அரசு பொறுப்பேற்பதுதான் சோசலிசம் என்றார். ரேஷன், மதிய உணவு, அரசு ஆஸ்பத்திரி, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ். அவர் பக்கம் சட்டமும் இருக்கிறது, அதுவும் கனமாக. 'சோசலிச' என்ற சொல் முகப்புரைக்குள் வந்தது 1976இன் 42ஆவது திருத்தத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில். அதை நீக்கச் சொன்ன மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 25 அன்று தள்ளுபடி செய்தது. அப்போது நீதிமன்றம் கொடுத்த விளக்கம் ஏறக்குறைய வாத்தியார் சொன்னதுதான்: இந்தியாவில் சோசலிசம் என்பது மக்கள்நல அரசு, வாய்ப்பில் சமத்துவம், அது தனியார் தொழிலுக்குத் தடை அல்ல. அதே மாதம் 5ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த இன்னொரு வழக்கில், ஒருவருடைய தனிச்சொத்து எல்லாமே, பொது நன்மைக்காக அரசு பங்கிடலாம் என்று அரசியலமைப்பு சொல்லும் 'சமூகத்தின் பொருள் வளம்' ஆகிவிடாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. 1977இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய பரந்த விளக்கம் அதில் ஒதுக்கப்பட்டது. அவர் 1957இல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் என்பது ஒரு கூடுதல் தகவல். ஆக, ஒரே மாதத்தில் நீதிமன்றம் உடைமைப் பக்கத்திலிருந்து நலப் பக்கத்துக்கு நன்றாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டது என்றே நான் படிக்கிறேன்.

பிறகு என்ன, சட்டமே சொல்லிவிட்டதே, அதையே எழுதிவிடலாமே என்றார் வாத்தியார். எனக்குத் தயக்கம். நோட்டீஸில் அதைப் போட்டால் பட்டிமன்றத்தின் எதிரணி நாற்காலி காலியாகிவிடும். இந்தியாவில் அரசியல் கட்சியாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் சோசலிசத்துக்கு உண்மையாக இருப்போம் என்று கட்சி விதியில் எழுதிக்கொடுத்தாக வேண்டும். 1989 முதல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இது இருக்கிறது. நம் நாடாளுமன்றத் தொகுதியில் 2004இல் மார்க்சிஸ்ட் கட்சி ஜெயித்தது, 2014இல் பாரதிய ஜனதா ஜெயித்தது. காகிதத்தில் இரண்டு கட்சியும் ஒரே சோசலிசத்துக்கு உறுதி கொடுத்தவை. எதிர்க்க ஆளே இல்லாத ஒரு சொல் எதையும் சொல்வதில்லை. அது விளக்கெண்ணெய் மாதிரி, எல்லா இடத்திலும் வழுக்கிக்கொண்டு போகும்.

நாடாளுமன்றமும் ஒருமுறை இதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. 1978இல் ஜனதா ஆட்சியில் வந்த திருத்த மசோதாவில் 'சோசலிச' என்பதற்கு, சமூக, அரசியல், பொருளாதாரச் சுரண்டல் எதுவுமற்றது என்ற பொருளில் ஒரு விளக்கம் இருந்தது. மக்களவை ஏற்றது, மாநிலங்களவை அதை ஏற்கவில்லை. ஆகவே அரசியலமைப்புக்குள் அந்தச் சொல் இன்றுவரை விளக்கமில்லாமல்தான் இருக்கிறது. அதற்கும் முப்பது வருடம் முன்னால், 1948 நவம்பரில், அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா என்ற உறுப்பினர் அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னபோது அம்பேத்கர் மறுத்தார். சமூகத்தைப் பொருளாதார ரீதியில் எப்படி அமைத்துக்கொள்வது என்பதை அந்தந்தக் காலத்து மக்கள் முடிவு செய்யட்டும், அரசியலமைப்பே அதைக் கட்டிவைக்கக் கூடாது என்பது ஒரு காரணம். அரசு எதை நோக்கி நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லும் வழிகாட்டு நெறிகளில் அந்த உள்ளடக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டு காரணத்தில் முதல் காரணம் உடைமை பற்றியது, இரண்டாவது நலன் பற்றியது. சொல்லை நீக்கச் சொல்கிறவர்கள் முதலாவதை மேற்கோள் காட்டுகிறார்கள், காக்கச் சொல்கிறவர்கள் இரண்டாவதை. ஒரே பேச்சு, இரண்டு கட்சிக்கும் ஆயுதம்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு எடுக்கும் காலப் நிறுவனம் 1949இல் சோசலிசம் என்றால் என்ன என்று கேட்டபோது 34 சதவீதம் பேர் அரசுடைமை என்ற பொருளில் பதில் சொன்னார்கள். 2018இல் அது 17 சதவீதமாகப் பாதியானது. சமத்துவம் என்று சொன்னவர்கள் 12இலிருந்து 23 சதவீதம் ஆனார்கள். அங்கே தாத்தாவும் பேத்தியும் சாப்பாட்டு மேசையில் சோசலிசம் பற்றிச் சண்டை போட்டால், இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்றுதான் அர்த்தம். டென்மார்க்கைச் சோசலிச நாடாக அங்குள்ளவர்கள் அடிக்கடி உதாரணம் காட்டியதைக் கேட்டு, அந்த நாட்டுப் பிரதமர் ராஸ்முசன் 2015இல் அமெரிக்காவிலேயே நின்று, டென்மார்க் ஒரு சந்தைப் பொருளாதாரம், திட்டமிட்ட சோசலிசப் பொருளாதாரம் அல்ல என்று விளக்க வேண்டி வந்தது. எங்கள் மேடையில் நார்வேயைக் காட்டியவருக்கும் வெனிசுலாவைக் காட்டியவருக்கும் இடையே இருந்த பள்ளம் இதுதான்.

மூன்றாவது யோசனையைச் சொன்னவர் ஒரு அக்கா. அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறார். சோசலிசம் என்பது மனிதருக்கு மேல் மனிதர் அதிகாரம் செலுத்தாத நிலை, அவ்வளவுதான், உடைமை அதற்கு ஒரு வழி மட்டுமே என்றார். குமரி மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை என்பது அவர் வாதம். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. சோசலிசம் என்ற சொல் இங்கே வந்து சேரும் முன்பே, சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர் 'சமத்துவ சமாஜம்' கூட்டி, எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்து ஒன்றாக உண்ணச் செய்திருந்தார். முந்திரிக் கிணறு இன்றும் இருக்கிறது. தோளில் துணி போடும் உரிமைக்கே அடிதடி நடந்த மண்ணில், உடைமைக் கணக்கைவிட இதுதான் முதல் கணக்கு.

ஆனால் அந்த அக்கா நிஜமாகவே என்னை மடக்கியது வேறொன்றில். 1954. நான் பள்ளியில் படித்தது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் சுட்டது, தாய்த் தமிழகத்தோடு இணையும் போராட்டத்தில் உயிர்கள் போயின, 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் இணைந்தன, நேசமணி தலைமை தாங்கினார் என்பதுதான். சுட்ட அரசு யாருடையது என்பது பாடத்தில் என் கண்ணில் பட்டதில்லை. அது அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு. கட்சி, பிரஜா சோசலிஸ்ட். பெயரிலேயே சோசலிஸ்ட்.

அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் அப்போது ராம் மனோகர் லோகியா. உத்தரப் பிரதேசத்தில் ஒரு போராட்டத்துக்காக நைனி சிறையில் இருந்தார். செய்தி கேட்டதும் சிறையிலிருந்தே தந்தி அனுப்பினார்: அமைச்சரவை பதவி விலக வேண்டும், நீதி விசாரணை வேண்டும். நாட்டில் அந்தக் கட்சிக்கு இருந்ததே அந்த ஒரே ஒரு மாநில ஆட்சி. அதைத் தானே கலைக்கச் சொன்னார் பொதுச்செயலாளர். கட்சிக்குள் பெரிய சண்டை. நவம்பரில் நாக்பூரில் கூடிய சிறப்பு மாநாடு அவர் பக்கம் நிற்கவில்லை. அவர் பொறுப்பை விட்டார். 1955 முடிவதற்குள் கட்சி உடைந்து லோகியா தனிச் சோசலிஸ்ட் கட்சி கண்டார். பட்டம் அரசு அதற்கு முன்பே, பிப்ரவரியில், கவிழ்ந்திருந்தது.

கொஞ்சம் நின்று பாருங்கள். நிராயுதமான மக்களைச் சுடும் அரசு சோசலிச அரசாக இருக்க முடியுமா என்ற கேள்வியில் ஓர் அகில இந்தியக் கட்சி இரண்டானது. கேள்வி எழுந்த இடம் மார்த்தாண்டமும் புதுக்கடையும். பட்டம் தரப்பும் தங்களைச் சோசலிஸ்டுகள் என்றுதான் நம்பினார்கள். நிலச் சீர்திருத்தம், தொழிலாளர் நலன் என்று அவர்களுக்குப் பட்டியல் இருந்தது. ஒழுங்கைக் காப்பது எந்த ஆட்சிக்கும் கடமை என்றார்கள். லோகியாவுக்கோ அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது விளக்கத்துக்கு உள்ளேயே இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சண்டை தெரியாமல் போனது எனக்கு வருத்தம்தான். அந்த நாளை நாம் மொழிக் கணக்கில் மட்டும் எழுதி வைத்துவிட்டோம்.

இவ்வளவு மனதைத் தொட்டும் மூன்றாவது விளக்கத்தை நான் எடுக்கவில்லை. காரணம் எளிது. ஆதிக்கம் இல்லாத நிலை என்று எழுதினால் எதிரணி என்ன பேசும்? 'ஆதிக்கம் வேண்டும்' என்று ஒருவர் மேடையேறுவாரா? சுதந்திரச் சந்தையை ஆதரிக்கிறவரும், அரசின் ஆதிக்கத்தை நான் எதிர்க்கிறேன், ஆகவே நானே சோசலிஸ்ட் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்குள் கணவனின் ஆதிக்கம், கோயிலில், தேவாலயத்தில், கட்சியில் என்று எல்லாம் உள்ளே வந்துவிடும். வர வேண்டியவைதான். ஆனால் ஒரு மாலை நேரம் தாங்காது.

நான்காவது யோசனை கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. குளச்சலை அடுத்த ஓர் ஊரிலிருந்து எங்கள் படிப்பகத்துக்கு வரும் தம்பி ஒருவன், வேலை செய்கிறவர்களே கூட்டாகச் சேர்ந்து முடிவெடுப்பதுதான் சோசலிசம் என்றான். அவன் அப்பா காலத்துக் கதை அது. மீன் பிடிக்கிறவன் வலைக்கும் கட்டுமரத்துக்கும் வியாபாரியிடம் கடன் வாங்குவான். கடன் தீரும்வரை பிடித்த மீன் அந்த வியாபாரிக்கே, அவர் சொன்ன விலைக்கே. கடன் தீருவதும் இல்லை. 1970களில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவை அமைப்பு முன்னின்று கடற்கரை ஊர்களில் மீனவர் சங்கங்களை உருவாக்கியது. கரையில் ஏலம் விடுவது சங்கம், கடன் கொடுப்பதும் சங்கம், விற்ற பணத்தில் ஒரு பங்கு சேமிப்பு. விலையைத் தீர்மானிக்கும் இடம் மாறியது. இப்படிப்பட்ட சங்கங்கள் 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. இங்கே அரசுடைமை இல்லை. படகு அவரவர் படகு. இதைச் சோசலிசம் என்று அங்கே யாரும் அழைக்கவும் இல்லை. பங்குச்சாமியார்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் அந்தக் காலத்தில் கொஞ்சம் பதறியும் இருப்பார்கள்.

மலைப்பக்கத்தில் மார்த்தாண்டம் தேன் கூட்டுறவும் இதே இனம். தேன் பெட்டி அவரவர் வீட்டில், விற்பனை கூட்டாக.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். பால்வெட்டு அண்ணனின் வரிக்கு இது ஒன்றுதான் நேராகப் பதில் சொல்கிறது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக ஓட்டையை மறைக்கக் கூடாது. மீனவர் சங்கங்களில் உறுப்பினர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகும் ஆண்கள். தலையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்ற பெண்கள் அந்த ஏலத்தில் வாங்குகிறவர்களாக எதிர்ப்பக்கம் நின்றார்கள். 'வேலை செய்கிறவர்கள்' என்று சொல்லும்போது யாரை எண்ணுகிறோம் என்ற கேள்வி உடனே வருகிறது. கூட்டுறவுச் சங்கத் தேர்தல் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாவதாக ஒன்றும் பேச்சில் வந்தது: விளக்கமே வேண்டாம், ஒவ்வொரு பேச்சாளரும் தன் விளக்கத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். அதைத்தான் போன வருடம் செய்தோம், சொல்லாமல்.

இந்த இடத்தில் காமராஜர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கமிட்டியில் எல்லோரும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். 1955 ஆவடி காங்கிரஸ் 'சோசலிச மாதிரிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டபோது அவர் இங்கே முதலமைச்சர். 'மாதிரி' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம்: அச்சு என்பது ஒன்று, 'கிட்டத்தட்ட அப்படி' என்பது இன்னொன்று. ஆவடிக்குப் பின் நடந்ததைப் பார்த்தால் இரண்டாவதுதான் பொருந்துகிறது. 1964 புவனேசுவரம் மாநாட்டில் ஜனநாயக சோசலிசம் பேசியபோது அவரே கட்சித் தலைவர். நேசமணி மறைவுக்குப் பின் 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றது சுதந்திரா கட்சி. சோசலிசத்தை எதிர்ப்பதற்கென்றே ராஜாஜி 1959இல் தொடங்கிய கட்சி. காமராஜர் வென்றார். ஆறு மாதத்தில் இந்திரா காந்தி 14 வங்கிகளை அரசுடைமையாக்கினார், ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் பிளந்தது. 1971 தேர்தலில் காமராஜரின் காங்கிரஸும் சுதந்திரா கட்சியும் தமிழ்நாட்டில் ஒரே அணி. இரண்டு வருடத்தில் அவர் கொள்கை மாறிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. வங்கியை எடுத்துக்கொண்டதும் 'சோசலிசம்' என்ற சொல் இந்திரா அம்மையாரின் கைக்குப் போய்விட்டது. சொல்லை இழந்தவர் எதிரணியில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

சரி, என் முடிவு. பேச்சாளர்களுக்கு அனுப்பியிருக்கும் வரி இது: 'நிலம், தோட்டம், ஆலை, படகு போன்ற உற்பத்திச் சாதனங்களில் முடிவெடுக்கும் உரிமை தனி உடைமையாளரிடமிருந்து சமூகத்திடம் போவது சோசலிசம், அது அரசு வழியாகவும் போகலாம், உழைப்பவர்களின் கூட்டுறவு வழியாகவும் போகலாம்.' முதலாவதையும் நான்காவதையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து, சண்டையை அவர்களுக்குள்ளும் மூட்டியிருக்கிறேன். மூன்றாவதை விளக்கமாக வைக்காமல் கேள்வியாக வைத்திருக்கிறேன்: எந்த அணி பேசினாலும், தங்கள் ஏற்பாட்டில் கடைசி வரிசையில் நிற்கிறவருக்கு என்ன குரல் என்று நடுவர் கேட்பார். 1954ஐ அந்த அக்காவே தொடக்கவுரையில் சொல்வார்.

நலத்திட்டங்கள் வெளியே. இதில்தான் வாத்தியாருக்கும் எனக்கும் இன்னும் மனத்தாங்கல். "மதிய உணவ எடுத்துக்கிட்டா எங்க பக்கம் பேச என்னடே இருக்கு? நல்லதையெல்லாம் கழிச்சிட்டு மிச்சத்துக்குப் பேரு சோசலிசம்னா, எதிரிக்கு நீ வெத்தல பாக்கு வச்சிருக்க" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. என் விளக்கம் ஆதரவாளர்களின் மடியிலிருந்து மக்கள் மிகவும் விரும்பும் பண்டத்தை எடுத்துவிடுகிறது. ஆனாலும் மதிய உணவின் வரலாற்றைப் பாருங்கள். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியவர்கள் நீதிக்கட்சிக்காரர்கள், ஜமீன்தார்களும் வணிகர்களும் நிறைந்த கட்சி. 1956இல் விரித்தது காமராஜர். 1982இல் பெருந்திட்டமாக்கியது எம்.ஜி.ஆர். ஜெர்மனியில் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீடு கொண்டுவந்த பிஸ்மார்க், ஐந்து வருடம் முன்னால் சோசலிஸ்டுகளைத் தடை செய்த சட்டத்தைக் கொண்டுவந்தவர். பிள்ளைக்குச் சோறு போட ஒருவர் சோசலிஸ்டாக இருக்க வேண்டியதில்லை. அதைச் சோசலிசத்தின் கணக்கில் வைத்துப் பேசும்வரை, ரப்பர் தோட்டம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி மேடைக்கு வராமலே தப்பித்துக்கொள்கிறது. மதிய உணவுக்கு அடுத்த மாதம் தனிக் கூட்டம் போடுவதாக வாத்தியாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தலைமை அவர்தான்.

ஆகவே இந்த வருட நோட்டீஸில் 'தேவையா, தேவையில்லையா' கிடையாது. தலைப்பு: 'குமரி மலையடிவாரத்து ரப்பர் தோட்டங்கள் யார் கையில் இருந்தால் நல்லது: அரசா, தொழிலாளர் கூட்டுறவா, தனியாரா?' மூன்று அணி, அணிக்கு இரண்டு பேர். ரஷ்யாவும் நார்வேயும் பேசலாம், ஆனால் பேசி முடிக்கும்முன் கீரிப்பாறைக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்று நிபந்தனை. கணக்காளர் தம்பி தனியார் அணி. சிவப்புக் கொடிப் பெரியவர் அரசு அணியா கூட்டுறவு அணியா என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். பால்வெட்டு அண்ணனை எந்த அணியிலும் சேர்க்கவில்லை. அவர்தான் நடுவர்.

நேற்று அச்சகத்திலிருந்து போன் வந்தது. உள்ளே விளக்கத்தில் ஒரு சொல், 'சோசலிசம்' என்று போடவா 'சோஷலிசம்' என்று போடவா என்று கேட்டார்கள். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.